பொருளைப் பற்றி எந்த நூலில், எந்தப் பக்கத்தில்? அருங்காட்சியகத் தரவுத்தளத்தில் நூற்குறிப்பு ஏற்றுவது பற்றி

பதிவறை

எல்லோருக்கும் வணக்கம். மாவட்ட அளவிலான ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் பதிவேட்டைக் கணினிக்கு மாற்றும் வேலையில் இருக்கிறேன். கற்சிற்பம், செப்புத் திருமேனி, காசு, சில செப்பேடு, பெருங்கற்காலப் பானை என்று எல்லாம் கலந்த தொகுப்பு. பெயர், அளவு, எடை, கிடைத்த ஊர், வந்து சேர்ந்த ஆண்டு, எந்த அலமாரி, படம் எல்லாம் ஓரளவு ஒழுங்காக ஏறிவிட்டது. மாட்டிக்கொண்டு நிற்பது ஒரே இடத்தில்தான். இந்தப் பொருளைப் பற்றி யார், எந்த நூலில், எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள் என்ற விவரத்தை எங்கே வைப்பது?

மென்பொருள் செய்து தந்தவர்கள் இதற்கென்று எதுவும் வைக்கவில்லை. 'குறிப்பு' என்று ஒரே ஒரு பெட்டி. பழைய பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில் இருந்ததையெல்லாம் அதில் கொட்டிவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு திருமேனிக்கு அதில் இருப்பது அப்படியே இதுதான்: "கிரேவ்லி பார்க்க. இடது கை விரல் சிதைவு. கண்காட்சிக்குச் சென்று வந்தது. ப. 87." அந்த 87 எந்த நூலின் பக்கம்? கிரேவ்லியா, கண்காட்சி மலரா? எழுதியவர் இருந்தால் கேட்கலாம், அவர் இல்லை.

என் எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன், தவறென்றால் திருத்துங்கள். நூலுக்குத் தனிப் பதிவு, பொருளுக்குத் தனிப் பதிவு, நடுவில் இரண்டையும் கட்டும் ஓர் இணைப்புப் பதிவு. பக்கம், படத்தகட்டு எண் (நூலில் தனித் தாளில் அச்சிட்ட படப் பக்கத்தின் எண்), படம் உண்டா இல்லையா, அந்த நூல் இந்தப் பொருளுக்குக் கொடுத்த எண் இவையெல்லாம் அந்த இணைப்பில் இருக்க வேண்டும். முக்கியமாக அந்தக் கடைசி விவரம். "இவ்வளவு எதற்கு, குறிப்பில் ஒரு வரி போட்டால் போதாதா" என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள். இந்த வேலையை உண்மையிலேயே செய்து பார்த்தவர்கள் பேசினால் நன்றாக இருக்கும்.

தரவுக்காரன்

உங்கள் எண்ணம் சரி, அதிலிருந்து இறங்காதீர்கள். பிரிட்டிஷ் மியூசியத்தின் இணையத் தொகுப்பில் ஏதாவது ஒரு பொருளைத் திறந்து கீழே போய்ப் பாருங்கள். நூற்குறிப்பு வரிசையில் ஆசிரியர் பெயரும் ஆண்டும், ஒரு சாய்கோடு, நூல் தலைப்பு, அப்புறம் அடைப்புக்குறிக்குள் பக்கமோ பட எண்ணோ வரும். தலைப்பு வரைக்கும் உள்ளது நூல் பதிவுக்கு உரியது, ஒரே நூலைச் சொல்லும் பொருள் எத்தனை இருந்தாலும் அது மாறுவதில்லை. அடைப்புக்குறிக்குள் இருப்பது அந்தப் பொருளுக்கு மட்டும் உரியது. நீங்கள் சொல்லும் அமைப்பு அதேதான்.

அமெரிக்காவின் கெட்டி கலை நிறுவனம் வெளியிட்ட சி.டி.டபிள்யூ.ஏ. என்ற கலைப்பொருள் விவர நெறிமுறையில் இதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது. மூல நூல், பக்கம், பொருளின் படம் அதில் இருக்கிறதா, அந்த நூலில் பொருளின் எண் என்ன என்று தனித்தனியாகக் கேட்கிறது. இலவச மென்பொருள் வேண்டுமென்றால் கலெக்டிவ்ஆக்ஸஸ் பாருங்கள். அதில் இரண்டு பதிவுகளை இணைக்கும்போது அந்த இணைப்பின் மேலேயே விவரம் எழுதலாம். நூலை ஒரு பதிவாக வைத்துக்கொண்டு, பக்கத்தையும் பட எண்ணையும் இணைப்பில் போட்டுவிடலாம். பல மென்பொருள்களில் இரண்டு பதிவுகளுக்கு நடுவே ஒரு கோடு போட முடியும், கோட்டின் மேல் எழுத இடமே இருக்காது. அடுத்த முறை யாராவது மென்பொருள் காட்ட வந்தால் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்.

கிருஷ்ணைக்கரை

'நூல் கொடுத்த எண்' என்று பதிவறை சொன்னதைப் பிடித்துக்கொள்கிறேன், ஏனென்றால் அமராவதிச் சிற்பங்களோடு கொஞ்ச காலமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆந்திரத்தில் கிருஷ்ணை ஆற்றங்கரையில் இருந்த பௌத்தத் தூபத்தின் சிற்பங்கள் அவை. நில அளவை அதிகாரி காலின் மெக்கன்சி 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்தத் தூபத்தைப் பார்த்தார். 1816இல் மறுபடி போய், ஆட்களை வைத்துச் சிற்பக் கற்பலகைகளை ஒவ்வொன்றாக வரைந்தெடுத்தார். அந்த ஓவியத் தொகுதி இப்போது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. 1845இல் வால்டர் எலியட் தோண்டியெடுத்தவை சென்னைக்கு வந்து கொஞ்ச காலம் திறந்தவெளியில் கிடந்து, அப்புறம் அருங்காட்சியகத்துக்குப் போயின. வில்லியம் டெய்லர் பாதிரியார் 1856இல் அவற்றுக்கு ஓர் அறிக்கை எழுதினார். 1858இல் லின்னேயஸ் டிரைப் படம் பிடித்தார். 1859இல் கப்பலேறி லண்டன் போய்விட்டன. அங்கே ஜேம்ஸ் ஃபெர்குசன் 1868இல் மரவழிபாடு, நாகவழிபாடு பற்றிய தன் பெரிய நூலில் அவற்றை வெளியிட்டார், 1873இல் அதற்குத் திருத்திய இரண்டாம் பதிப்பு. 1880இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கைமாறியபோது புதுப் பதிவெண் விழுந்தது. 1954இல் டக்ளஸ் பாரெட் ஒரு பட்டியல், 1992இல் ராபர்ட் நாக்ஸ் ஒரு பட்டியல். சென்னையிலேயே இருக்கும் பலகைகளுக்கு ஜேம்ஸ் பர்கெஸ் 1887இல் எழுதியதும், சி. சிவராமமூர்த்தி 1942இல் சென்னை அருங்காட்சியக வெளியீடாகக் கொண்டுவந்த பட்டியலும் இருக்கின்றன.

இப்போது ஒரு கட்டுரையில் "ஃபெர்குசனின் இன்ன தகட்டில் உள்ள பலகை" என்று ஒருவர் எழுதுகிறார், இன்னொருவர் பாரெட் எண்ணைச் சொல்கிறார், மூன்றாமவர் பதிவெண்ணை. மூன்று பேரும் ஒரே கல்லைப் பற்றிப் பேசுகிறார்களா என்று கண்டுபிடிப்பதற்குள் மாலையாகிவிடும். ஒவ்வொரு நூலும் கொடுத்த எண் இணைப்பில் தனிப் புலமாக, அதாவது தனிக் கட்டமாக, இருந்தால் எண் ஒப்புமைப் பட்டியலைக் கையால் போடவே வேண்டாம், தரவுத்தளமே தந்துவிடும். தகட்டு எண் மட்டும் போதாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பழைய நூல்களில் ஒரே தகட்டில் பல துண்டுகளை அடுக்கி ஒவ்வொன்றுக்கும் உள்ளெண் போட்டிருப்பார்கள். தகடு, அதற்குள் படம் என இரண்டும் வேண்டும்.

இன்னொன்று. பிரிட்டிஷ் மியூசியத்தில் 1880,0709.79 என்ற பலகை, அதாவது 1880 ஜூலை 9ஆம் தேதிப் பதிவில் 79ஆவது. ஒரு பக்கத்தில் தூபமே முழு அலங்காரத்தோடு செதுக்கியிருக்கிறது. திருப்பினால் அதற்கு எவ்வளவோ முந்திய செதுக்கல், போதிமரத்தடியில் காலியான ஆசனம், சுற்றிலும் வணங்குகிறவர்கள். பழைய பலகையைத் திருப்பி மறுபுறம் புதிதாகச் செதுக்கிப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இந்தக் கல்லுக்கு ஒரு நூற்குறிப்பு எழுதும்போது எந்த முகத்தைப் பற்றிய குறிப்பு என்று சொல்லாவிட்டால், ஒரு முகத்துக்குச் சொன்ன காலம் மற்ற முகத்துக்கு ஒட்டிக்கொள்ளும். ஆகவே 'பொருளின் எந்தப் பகுதி' என்றும் ஒரு சின்னப் புலம் வைத்துவிடுங்கள். பெரும்பாலும் காலியாகத்தான் கிடக்கும். தேவைப்படும் இடத்தில் அது இல்லாமல் நிமிர முடியாது.

ஓய்வுபெற்ற காப்பாட்சியர்

தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. சொல்வதெல்லாம் நியாயம்தான். ஆனால் மாவட்ட அருங்காட்சியகத்தில் ஆள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். காப்பாட்சியர் ஒருவர், அவருக்கே இரண்டு ஊர் கூடுதல் பொறுப்பு. அவர் முதலில் செய்ய வேண்டியது ஒவ்வொரு பொருளும் இருக்கிறதா என்று பார்த்து, நாலாப்புறமும் படம் எடுத்து, அளவு எடுத்து வைப்பது. ஒரு சிலை காணாமல் போனால் காவல்துறை கேட்பது படமும் அளவும்தான், பர்கெஸ் பக்கத்தை யாரும் கேட்க மாட்டார்கள். ஐந்து புலம் கொண்ட நூற்குறிப்புப் படிவத்தை ஒவ்வொரு பொருளுக்கும் நிரப்பச் சொன்னால் ஒன்று, வேலை நின்றுவிடும். இல்லை, படிவம் முழுக்க 'இல்லை', 'இல்லை' என்று நிரம்பும்.

அப்புறம் பதிவறைத் தம்பிக்கு: உங்கள் குறிப்பில் "கிரேவ்லி பார்க்க" என்று இருக்கிறதே, அது கிரேவ்லியும் டி. என். ராமச்சந்திரனும் சேர்ந்து 1932இல் வெளியிட்ட உலோகத் திருமேனிப் பட்டியலாக இருந்தால், அது சென்னை அருங்காட்சியகத் திருமேனிகளுக்கான பட்டியல். உங்கள் ஊர்த் திருமேனி சென்னையிலிருந்து மாற்றி அனுப்பப்பட்டதாக இருந்தாலொழிய அதில் இருக்க வாய்ப்பில்லை. இதே அமைப்புள்ள திருமேனி அங்கே இருக்கிறது, ஒப்பிட்டுப் பார் என்ற அர்த்தத்தில்தான் அந்தக் காலத்தில் 'பார்க்க' போடுவோம்.

பதிவறை

ஐயா, மிக்க நன்றி. அந்தத் திருமேனி சென்னையிலிருந்து வந்ததில்லை, பக்கத்துக் கிராமத்தில் வயலில் கிடைத்த புதையல். அப்படியென்றால் நீங்கள் சொல்வதுதான் சரி, ஒப்பீட்டுக்காகப் போட்ட குறிப்பு. பாருங்கள், குறிப்பில் ஒரு வரி போதும் என்கிறவர்களுக்கு நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள். 'இந்தப் பொருளையே பற்றியது', 'இதுபோன்ற வேறொன்றைப் பற்றியது' இரண்டும் ஒரே 'பார்க்க'வுக்குள் கிடந்தால், நாளை யாராவது இந்தத் திருமேனி 1932லேயே அச்சில் வந்தது என்று எழுதிவிடுவார்கள். இணைப்பில் 'உறவின் வகை' என்று ஒரு புலம் கட்டாயம் வேண்டும்.

ஆள் பற்றாக்குறை விஷயத்தில் மறுக்க ஒன்றும் இல்லை. ஆனால் பொருள் பொருளாகப் போகாமல் நூல் நூலாகப் போனால் என்ன? ஒரு பொருளை எடுத்துக்கொண்டு உலகத்து நூல்களையெல்லாம் தேடினால் முடியவே முடியாது. ஒரு நூலை எடுத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நம் பொருள்களை மட்டும் குறித்துக்கொண்டே வந்தால் அதற்கு ஒரு முடிவு உண்டு. எங்கள் தொகுப்பைப் பேசும் நூல்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கும்.

தரவுக்காரன்

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். நூல் வழியாகப் போவதில் இன்னொரு லாபம் உண்டு, காப்பாட்சியர் ஐயாவின் கவலைக்கும் அது பதில். நூலில் "இந்த அருங்காட்சியகத்தில் உள்ளது" என்று ஒரு பொருளைச் சொல்லியிருக்கும், உங்கள் பதிவேட்டில் அதற்கு ஈடான பொருள் சிக்காது. அந்த வரியை விட்டுவிடாதீர்கள். இணைப்புப் பதிவை உண்டாக்கி, பொருள் பக்கத்தைக் காலியாக விட்டு, நிலை 'அடையாளம் காணவில்லை' என்று வையுங்கள். எல்லா நூலும் முடிந்த பிறகு அந்த நிலையில் உள்ளவற்றை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். அச்சில் இருந்து, கையில் இல்லாத பொருள்களின் பட்டியல் அது. வேறு எந்தத் தணிக்கையிலும் அது கிடைக்காது, ஏனென்றால் தணிக்கை பதிவேட்டிலிருந்து தொடங்கும், பதிவேட்டிலேயே இல்லாததை அது எப்படிப் பார்க்கும்?

காசுப்பை

காசுக்காரர்கள் சார்பில் ஒரு விண்ணப்பம். உறவின் வகை இரண்டு போதாது, எங்களுக்கு மூன்று வேண்டும்.

தமிழ்நாட்டில் கிடைக்கும் ரோமானியக் காசுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அகஸ்டஸின் வெள்ளி தினாரியஸ், பின்பக்கம் காயுஸ், லூசியஸ் என்ற இரண்டு பேரப்பிள்ளைகள் கேடயத்தோடு நிற்பார்கள். ரோமானியப் பேரரசு நாணயத் தொகுதியில், அதுதான் எல்லோரும் ஆர்.ஐ.சி. என்பது, அகஸ்டஸ் 207 என்று அதற்கு எண். பதிவில் 'ஆர்.ஐ.சி. 207' என்று போட்டால் அது அந்த அச்சு வகையின் எண். உங்கள் பெட்டியில் உள்ள அந்த ஒற்றைக் காசை அந்த நூல் பார்த்ததே இல்லை. இது முதல் வகை. அடுத்து, பவுலா டர்னர் 1989இல் இந்தியாவில் கிடைத்த ரோமானியக் காசுகள் பற்றி எழுதிய நூலில் உங்கள் ஊர்ப் புதையல் இருக்கலாம். அங்கே பேசப்படுவது குவியல் முழுவதும், அதற்குள் உங்கள் காசும் ஒன்று. மூன்றாவது, யாராவது இந்தக் காசையே எடுத்து எடை போட்டுப் படத்தோடு வெளியிட்டிருந்தால் அது தனி. மூன்றையும் 'வெளியீடு' என்ற ஒரே தலைப்பில் போட்டால், வெளியிடப்படாத காசுகள் எவை என்று தேடுகிற மாணவருக்குச் சைபர் என்று பதில் வரும். எல்லாவற்றுக்கும்தான் ஆர்.ஐ.சி. எண் இருக்கிறதே.

பதிப்பு ஆண்டும் முக்கியம். ஆர்.ஐ.சி. முதல் தொகுதி 1923இல் வந்தது, 1984இல் திருத்திய பதிப்பு வந்தபோது எண்கள் மாறிவிட்டன. வெறும் 'ஆர்.ஐ.சி. 1' என்று எழுதி வைத்தால் எந்த வரிசை எண் என்று தெரியாது. இரண்டு பதிப்புக்கும் இரண்டு நூல் பதிவு போடுங்கள். ஆனால் எண் மாறாத வெறும் மறு அச்சுக்குத் தனிப் பதிவு வேண்டாம், ஒரே பதிவில் குறித்தால் போதும்.

செப்பேட்டு வரி

காசுப்பை சொன்ன மாதிரியே கல்வெட்டிலும் ஒரு சிக்கல். எங்களுக்கு நூற்குறிப்பு இரண்டு அடுக்கு. பொருளைப் பற்றிய நூல் ஒன்று, அதன் மேல் உள்ள வாசகத்தின் பதிப்பு இன்னொன்று.

திருவாலங்காட்டுச் செப்பேடு சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது, ராஜேந்திர சோழனுடையது, 31 ஏடு, வளையம், முத்திரை. வாசகம் தென்னிந்தியக் கல்வெட்டுகள் 3ஆம் தொகுதியில் 205ஆம் எண். அந்த 205 என்பது வாசகத்தின் எண். முத்திரையில் உள்ள புலி, மீன், வில் பற்றி ஒரு கலை வரலாற்றுக் கட்டுரை வந்தால் அது பொருளின் ஒரு பகுதியைப் பற்றியது. கிருஷ்ணைக்கரை கேட்ட 'எந்தப் பகுதி' புலம் இங்கேயும் தேவைப்படுகிறது.

கல்வெட்டு ஆண்டறிக்கை எண்களை எழுதும் முறை ஆளுக்கு ஒன்று. ஒருவர் எண்ணை முன்னால் போட்டு ஆண்டைப் பின்னால் போடுவார், இன்னொருவர் தலைகீழாக, மூன்றாமவர் சாய்கோடு போட்டு. பிற்கால அறிக்கைகளில் ஆண்டே 1935–36 என்று இரட்டையாக வரும். எண்ணுக்கு ஒரு கட்டம், ஆண்டுக்கு ஒரு கட்டம் என்று பிரித்து வாங்கிக்கொள்ளுங்கள், காட்டும்போது எப்படி வேண்டுமானாலும் காட்டலாம். எபிகிராபியா இண்டிகா என்ற கல்வெட்டு ஆய்விதழிலும் இதே கதை: தொகுதிக்குப் போட்ட ஆண்டு ஒன்று, அச்சாகி வந்த ஆண்டு வேறு. ஆனைமங்கலச் செப்பேடு, லெய்டன் செப்பேடு என்றும் சொல்வது, 22ஆம் தொகுதியில் 34ஆம் எண். தொகுதியின் ஆண்டு 1933–34, புத்தகம் வெளிவந்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து. ஒருவர் தொகுதி ஆண்டைப் போட, இன்னொருவர் அச்சு ஆண்டைப் போட, தரவுத்தளத்தில் ஒரே கட்டுரை இரண்டாகப் பிரிந்து நிற்கும். தொகுதி எண்ணும் கட்டுரை எண்ணும்தான் நம்பகமான பிடி, ஆண்டை இரண்டாம்பட்சமாக வையுங்கள்.

'ஆவணம்' இதழையும் மறந்துவிடாதீர்கள். 1991 முதல் தமிழகத் தொல்லியல் கழகம் கொண்டுவருவது. மாவட்ட அருங்காட்சியகப் பொருளுக்கு ஆங்கில நூல்களில் ஒரு வரிகூட இருக்காது, ஆவணத்தில் ஊர்ப் பெயரோடு வாசகமே முழுதாக இருக்கும். தமிழ் இதழ்க் குறிப்புகளைக் கண்டுகொள்ளாமல் ஆங்கில நூல்களை மட்டும் ஏற்றி முடித்த பட்டியல்களைப் பார்க்கும்போது மனசு பொறுக்கவில்லை.

வடமராட்சி வாசகி

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் சொல்வது பிரயோசனமாக இருக்கிறது. ஒரு விசயம் மட்டும் சேர்க்க விருப்பம்: எந்தப் பிரதியைப் பார்த்து எழுதினீர்கள் என்பதையும் குறித்து வையுங்கோ. 1981இல் யாழ் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. அதற்கு முந்திய கட்டுரைகளில் நூலகத்தில் பார்த்ததாகச் சொல்லப்படும் சில சிறு வெளியீடுகளை இப்போது எங்கே தேடுவது என்று தெரியாது. நூற்குறிப்பு இருக்கிறது, நூல் இல்லை. அப்படியான இடத்தில் நூல் என்ன சொன்னது என்று இரண்டு வரி எடுத்தெழுதி வைத்திருந்தால் அதுவே மூலம் மாதிரி ஆகிவிடும்.

ஈழத்து வெளியீடுகளை இணையத்தில் சேர்த்துவைக்கும் நூலகம் நிறுவனத்தின் இணையத்தளத்தில் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒரு நூலக எண் இருக்கிறது. ஈழத்து வெளியீடு என்றால் அந்த எண்ணையும் நூல் பதிவில் போட்டுவிடுங்கள். இணைய முகவரி மாறினாலும் எண்ணை வைத்துத் தேடலாம்.

தரவுக்காரன்

அம்மா சொன்னதோடு ஒன்று. நேரில் பார்த்துப் போட்ட குறிப்பா, வேறொருவர் அடிக்குறிப்பிலிருந்து எடுத்ததா என்பதற்கும் ஒரு குறி வேண்டும். ஒரு பக்க எண்ணை ஒருவர் தப்பாக அச்சிட்டால் அடுத்தடுத்து எல்லோரும் அதையே எடுத்துப் போடுகிறார்கள். 'நேரில் பார்த்தது' என்று குறி இருந்தால் அந்தச் சங்கிலி அங்கே அறுந்துவிடும். வருடிய (ஸ்கேன் செய்த) பிரதியைப் பார்க்கிறவர்கள் அச்சுப் பக்க எண்ணையே எழுதுங்கள். திரையில் காட்டும் எண் முன்னுரை, அட்டையெல்லாம் சேர்த்து எண்ணியது.

ஊர்க்கோயில்

காப்பாட்சியர் ஐயா காவல்துறை படத்தைத்தான் கேட்கும் என்றார். அந்தப் படம் எங்கிருந்து வரும் என்பதுதான் என் கேள்வி. கோயிலிலிருந்து திருடுபோன ஸ்ரீபுரந்தான் நடராசரை நினைத்துப் பாருங்கள். ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் ஏறத்தாழ 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. 2014இல் திரும்பி வந்தது. கோயிலிலேயே இருந்தபோது எடுத்து புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் இருந்த புகைப்படங்கள்தான் இதே சிலை என்று காட்டின. அந்தப் படங்கள் எந்த நூலிலும் வராதவையாக இருந்திருந்தாலும் அவை மூலம்தானே? ஆகவே நூல் என்று மட்டும் கட்டம் கட்டாதீர்கள். காப்பகப் படம், அதன் எண், எடுத்த தேதி இவையும் இதே அமைப்பில் ஏற வேண்டும். ஏலக் கம்பெனி பட்டியல், சிலை வியாபாரி அச்சிட்ட விலைப் பட்டியல் இவற்றையும் ஏற்றுங்கள். ஆய்வு நூல் இல்லையே என்று அவற்றை ஒதுக்கிவிடுகிறார்கள். ஒரு சிலை எந்த ஆண்டு யார் கையில் இருந்தது என்பதற்கு அதுதான் பல நேரங்களில் ஒரே சான்று.

அச்சான ஆண்டுக்கும் இங்கே பெரிய மதிப்பு. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம், 1970ஆம் ஆண்டு யுனெஸ்கோ உடன்படிக்கை இவற்றை வைத்துத்தான் வழக்கே. ஒரு திருமேனி கோயிலில் நிற்கும் படத்தோடு 1960களின் நூல் ஒன்றில் வந்திருந்தால், அந்தப் படம் எடுப்பதற்கு முன்பே நாட்டை விட்டுப் போய்விட்டது என்று யாரும் சொல்ல முடியாது. எந்தத் தகடு, எந்தப் படம் என்று யாராவது ஒழுங்காகக் குறித்து வைத்திருந்தால்தான் அது கைக்கு வரும்.

ஓய்வுபெற்ற காப்பாட்சியர்

ஊர்க்கோயில் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். நூல் வழியாகப் போகும் யோசனையும் எனக்குப் பிடித்திருக்கிறது, அது ஆளுக்கு ஏற்ற வேலை. படமும் அளவும் முதலில் என்பதில் மட்டும் மாற்றம் இல்லை.

ஒரு சந்தேகம் கேட்கிறேன். நூலில் சொன்னது தவறென்று தெரிந்தால்? விஷ்ணு என்று அச்சில் இருக்கும், கையைப் பார்த்தால் வேறு தெய்வம். எங்கள் காலத்தில் பதிவேட்டில் அடித்துவிட்டு மேலே எழுதுவோம்.

கிருஷ்ணைக்கரை

அடிக்க வேண்டாம் ஐயா. பொருள் பதிவில் இன்று நீங்கள் ஏற்கும் பெயர் இருக்கட்டும். இணைப்பில் 'நூல் இப்படிச் சொல்கிறது' என்று நூலின் வார்த்தை இருக்கட்டும். அமராவதிப் பலகைகளின் காலத்தையே சிவராமமூர்த்தி ஒரு மாதிரியும் பாரெட் ஒரு மாதிரியும் வைத்தார்கள். பொருள் பதிவில் ஒரே ஒரு காலக் கட்டம் இருந்து, யாரோ ஒருவர் அதில் கடைசியாகப் படித்த நூலின் கருத்தை ஏற்றிவிட்டால், அது யார் சொன்னது என்ற தடம் போய்விடும். இணைப்பில் இருந்தால் இரண்டு பேரும் அவரவர் இடத்தில் நிற்பார்கள், மூன்றாவதாக நீங்கள் ஏன் ஒருவரை ஏற்றீர்கள் என்றும் ஒரு வரி எழுதலாம்.

காசுப்பை

சரிதான், ஆனால் ஒவ்வொரு இணைப்பிலும் நூலின் கருத்தை எடுத்தெழுதச் சொல்லாதீர்கள், அது ஒரு வேலையாகவே போய்விடும். பெயர், காலம், கிடைத்த இடம் மூன்றில் ஏதாவது பொருள் பதிவோடு மாறுபட்டால் மட்டும் எழுதினால் போதும்.

பதிவறை

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அலுவலகத்தில் பேசி இவ்வளவுக்கு ஒப்புதல் வாங்கியிருக்கிறேன்: நூல்கள் எல்லாம் ஸோட்டேரோ என்ற நூற்குறிப்பு மென்பொருளில் ஏறும், அங்கே ஒவ்வொரு நூலுக்கும் தானாக விழும் எட்டெழுத்துக் குறியீட்டைத் தரவுத்தளத்தில் நூல் பதிவின் அடையாளமாக வைத்துக்கொள்வோம். இணைப்பில் உறவின் வகை, பக்கம், தகடும் படமும், நூல் கொடுத்த எண், எந்தப் பகுதி, நேரில் பார்த்ததா என்ற குறி. உறவின் வகையும் நேரில் பார்த்த குறியும் மட்டும் கட்டாயம், மற்றவை இருந்தால் நிரப்பலாம். பழைய குறிப்புப் பெட்டியை ஒரு எழுத்துகூட மாற்றாமல் அப்படியே பூட்டி வைத்துவிடுகிறோம், பிரித்தெடுத்தது தப்பானால் திரும்பிப் பார்க்க அது வேண்டும். மென்பொருள்காரர்கள் இணைப்பில் விவரம் எழுத வழி செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை எக்செலில் மூன்று தாளாக வைத்து ஓட்டப் போகிறோம், முதல் நூலாக ஆவணம் இதழ்களை எடுக்கிறோம்.

ஒன்று பாக்கி இருக்கிறது. ஆசிரியர் பெயர். ஸோட்டேரோ குடும்பப் பெயரைத் தனியாகக் கேட்கிறது. நம் ஆட்களுக்கு முன்னெழுத்தும் பெயரும்தானே. தமிழில் ஒரு மாதிரி, ஆங்கிலத்தில் மூன்று மாதிரி எழுத்துக்கூட்டு. எப்படி வைக்கிறீர்கள்?

தரவுக்காரன்

முதல் கட்டத்தில் பெயர், இரண்டாம் கட்டத்தில் முன்னெழுத்து என்று போடுங்கள்: சிவராமமூர்த்தி, சி. அகரவரிசை சரியாக விழும். பெயரைப் பிரிக்கவே முடியாதவர்களுக்கு ஸோட்டேரோவில் ஒற்றைக் கட்டமாக மாற்றும் பொத்தான் ஆசிரியர் வரிசையிலேயே இருக்கிறது. நூல் தமிழில் என்றால் தமிழ் எழுத்து, ஆங்கிலத்தில் என்றால் தலைப்புப் பக்கத்தில் உள்ளபடியே, நீங்களாகத் திருத்த வேண்டாம். மாறும் எழுத்துக்கூட்டுகளைச் சேர்க்கும் இடம் தரவுத்தளத்தில் உள்ள ஆள் பதிவு. ஒருவருக்கு ஒரு பதிவு, அதன் கீழ் அவர் பெயர் அச்சில் வந்த எல்லா வடிவங்களும்.

முன்னெழுத்தை மட்டும் நம்பி இருவரை ஒருவராக்கிவிடாதீர்கள். கிரேவ்லியோடு 1932 பட்டியலைச் செய்த டி. என். ராமச்சந்திரன் தொல்லியல்காரர். சைவ இலக்கியங்களை ஆங்கிலத்தில் கொண்டுவந்த தஞ்சாவூர் டி. என். ராமச்சந்திரன் வேறொருவர். ஆங்கில எழுத்தில் இரண்டும் புள்ளிக்குப் புள்ளி ஒன்றே, மென்பொருள் 'ஒரே ஆள்' என்று சேர்க்கச் சொல்லிக் கேட்கும். அந்தத் தானியங்கிச் சேர்ப்பை ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே அணைத்து வையுங்கள், ஆள் பதிவில் துறையையும் முதல் நூலின் ஆண்டையும் ஒரு வரியில் போட்டுவிடுங்கள். அது போதும், பிறகு எத்தனை பேர் வந்தாலும் பிரித்துக்கொள்ளலாம்.